கண்ணீரும் கடதாசியும்

மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த றிஸானா நபீக்குக்கு சவூதி அரேபியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 2013 ஜனவரி 9ஆம் திகதி. அதையடுத்து இலங்கைத் தமிழில், குறிப்பாக முஸ்லிம் எழுத்தாளர்களிடமிருந்து, ஏராளமான கவிதைகள் வெளிவந்தன. கைக்கெட்டியவற்றை வெட்டி ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒட்டி வைத்தேன். நான் எழுதிய ஒன்றும் அதில் உண்டு. அண்மையில் மாணவர்களுக்கு நவீன கவிதை பற்றிச் சொல்ல வேண்டியிருந்தபோது அக்கொப்பியை மீண்டும் எடுத்தேன். அந்த வாசிப்பில் தோன்றியவையே இங்கு எழுதப்படுகின்றன.

கொப்பியிலுள்ள கவிதைகள் யாவும் உண்மையான துயரத்தில் பிறந்தவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றில் திரும்பத் திரும்ப வருவன பூ, புறா, ஆட்டுக்குட்டி, பாலைவனம், வாள், தங்கை என்பனவே. ஒரு கவிதையிலேனும் கடவுச்சீட்டு இல்லை.

றிஸானாவின் கதை வாளில் தொடங்கவில்லை, கடதாசியில் தொடங்கியது. அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டிலோ 1982 என்றிருந்தது. பதினேழு வயதுப் பிள்ளை இருபத்து மூன்று வயதுப் பெண்ணாக 2005 மே மாதம் விமானம் ஏற்றப்பட்டாள். வீட்டு வேலைக்கென்று போனவளிடம் நான்கு மாதக் குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களுக்குள், மே 22இல், அக்குழந்தை இறந்தது. தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாத நிலையிலேயே வாக்குமூலம் பெறப்பட்டது. 2007இல் தவாத்மி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயதைத் திருத்திய முகவர், பயிற்சியில்லாத வேலை, புரியாத மொழி ஆகிய மூன்றும் ஒரு தொழிலாளியின் உரிமை பற்றிய விடயங்கள். நாமோ விதியைப் பாடினோம்.

‘கவிதை என்ன சட்டப் புத்தகமா?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை எமது பக்கத்து வீடான மலையக இலக்கியத்தில் தேடலாம். தோட்டத் தொழிலாளருக்கு ஒரு காலத்தில் ‘துண்டு’ இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் கடதாசி அது. அது இல்லாதவனை வேறு தோட்டத்தில் பேர் பதியமாட்டார்கள். 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டப்படி அறிவித்தலின்றி வேலையை விட்டுப் போவதும் தண்டனைக்குரிய குற்றம். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் துண்டு, பிரட்டு, செக்றோல் ஆகிய சொற்கள் மலையகத்தின் பாட்டிலும் கதையிலும் இன்றுவரை உயிரோடிருக்கின்றன. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் மத்தியில் பாடியே உரிமையை விளக்கினார். சி.வி. வேலுப்பிள்ளை கவிஞராகவும் தொழிற்சங்கவாதியாகவும் ஒரே ஆளாக நின்றார். அவர்களிடம் கண்ணீரும் இருந்தது, கணக்கும் இருந்தது.

வளைகுடாவில் கபீல் முறை துண்டின் தம்பியன்றி வேறென்ன? கபீலின் சம்மதமின்றி வேலை மாற முடியாதிருந்தது. சில இடங்களில் ஊருக்குத் திரும்பவும் முடியாதிருந்தது. கொடுமை தாங்காமல் வெளியேறியவள் மீது ‘ஹுரூப்’ என்று முறைப்பாடு விழும். 2021 மார்ச்சில் சவூதி அரசு இம்முறையைத் தளர்த்தியபோதும் வீட்டுப் பணியாளர்களை அத்தளர்வில் சேர்க்கவில்லை. கபீலைப் பற்றி எமது ஊர்ப் பெண்கள் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எமது சிறுகதைகளில் அச்சொல்லைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. அங்கே பணிப்பெண் ஒன்றில் சீரழிந்து வருகிறாள், அல்லது சவப்பெட்டியில் வருகிறாள். அவளுக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று கதாசிரியர் கேட்பதில்லை.

இனிச் சொல்வது சற்றுக் கசப்பானது. நான் வாழும் புளத்கொகுபிட்டிய, தேயிலையும் றப்பரும் சூழ்ந்த ஊர். இங்கிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் பெண்கள் போகிறார்கள். லயங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கும் பிள்ளைகள் போகிறார்கள். முதலாவது பயணத்துக்கு எம்மிடம் கவிதை உண்டு. இரண்டாவதற்கு இல்லை, ஏனெனில் அங்கே கபீல் நாம்தான்.

2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, கொழும்பில் தான் வேலை செய்த முஸ்லிம் அரசியல்வாதி ஒருவரின் இல்லத்திலிருந்து தீக்காயங்களுடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டு இறந்தாள். அம்மரணத்தைச் சாட்டாக வைத்து முழுச் சமூகத்தையும் தூற்றச் சிலர் முனைந்ததும் உண்மை. அதனால் எமக்கு ஏற்பட்ட அச்சத்தை நான் அறிவேன். ஆயினும் என் கொப்பியில் றிஸானாவுக்குப் பக்கம் பக்கமாகக் கவிதை இருக்க, அவளுக்கு ஒன்றுகூட இல்லை.

பிறரைக் குறை சொல்லுமுன் என்னைச் சொல்லிவிடுகிறேன். 2013இல் நான் அக்கவிதையை எழுதிய இரவு எங்கள் குசினியில் ஒரு தோட்டத்துப் பிள்ளை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உம்மாவுக்கு ஒத்தாசையாக வந்தவள். மாதாமாதம் தகப்பன் வந்து சம்பளத்தை வாங்கிப் போவார். எவ்வளவென்று அவளுக்குத் தெரியாது. லீவு நாள் என்றொன்று இருக்கவில்லை. வயது பதினெட்டு என்றார் தகப்பன். நாங்கள் நம்பினோம், அல்லது நம்புவது எமக்கு வசதியாக இருந்தது. பாடசாலையில் பிள்ளை சேர்க்க வருபவரிடம் நான் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழை. என் வீட்டு வாசலில் அதைக் கேட்கவில்லை. திருத்தப்பட்ட வயதுக்காக றிஸானாவின் முகவரைச் சபித்த என் கவிதை, இன்று வாசிக்கும்போது கூசுகிறது.

கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை மேடைதோறும் சொல்கிறோம். அல்குர்ஆனின் ஆக நீளமான வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் பணிக்கிறது. எழுத்துக்கு இவ்வளவு மதிப்புத் தரும் மரபில் வந்தவர்கள், வேலைக்காரப் பிள்ளைக்கு ஒரு துண்டுக் கடதாசியும் எழுதிக் கொடுப்பதில்லை. எமது இலக்கியமும் அதை ஒரு குறையாகக் காண்பதில்லை. இரக்கம் தருபவரின் மனநிலையைப் பொறுத்தது. உரிமை அப்படியல்ல. இவ்வேறுபாட்டை உணர்த்தாத படைப்பு, எவ்வளவு அழவைத்தாலும், வாசகரை நல்லவராக உணரவைத்து அனுப்பிவிடும். என் கவிதை எனக்குச் செய்ததும் அதுதான்.

எனவே எழுதுவோரிடம் எனது வேண்டுகோள் சிறியது. அடுத்த பணிப்பெண் கதையில் அவளது கடவுச்சீட்டு யாருடைய அலுமாரியில் இருக்கிறது என்று எழுதுங்கள். அவளுக்கு விடுமுறை எந்தக் கிழமை என்று எழுதுங்கள். ஒருமுறையேனும் கதையை எமது குசினிக்குள் நடத்துங்கள்.

கடந்த தவணையில் ‘என் தாய்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். வழமைபோல் தியாகச் சுடர்களும் மெழுகுவர்த்திகளும் வந்தன. தாய் குவைத்திலிருக்கும் ஒரு மாணவி மட்டும் வீட்டிலிருந்த ஒப்பந்தப் பிரதியைப் பற்றி எழுதியிருந்தாள். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்ததால் வீட்டில் எவராலும் அதை வாசிக்க முடியவில்லையாம். உம்மாவின் கையொப்பம் மட்டும் தமிழில் இருந்ததாம். எழுத்துப் பிழைகள் நான்கைந்து இருந்தன. முழுப் புள்ளியும் வழங்கினேன்.