கோட்டுக்கு வந்த கண்ணீர்

கார்ட்டூன் படம் என்றதும் அது பிள்ளைகளுக்குரியது என்று ஒதுக்கிவிட்டு, நாம் நாளிதழைக் கையிலெடுத்துக் கொள்கிறோம். இப்பழக்கம் ஒரு நற்கலைக்கு இழைக்கப்படும் அநீதியாகும். வின்சர் மெக்கே என்னும் அமெரிக்க ஓவியர் 1914இல் படைத்த 'கெர்ட்டி என்னும் டைனோசர்' ஒன்றைக் கொண்டே இதனை நிறுவலாம்.

நாளிதழ்களில் சித்திரத் தொடர் வரைந்து புகழ்பெற்ற மெக்கே, மேடையிலும் தோன்றி மக்களை மகிழ்வித்தவர். கெர்ட்டியை அவர் முதலில் காட்டியதும் மேடையில்தான். கையில் சாட்டையுடன் திரையருகே நின்று அவர் ஆணையிடுவார். திரையிலுள்ள விலங்கு காலைத் தூக்கும். சிலவேளை முரண்டு பிடிக்கும். கடிந்துகொண்டால் தேம்பி அழும். இறுதியில் அவர் திரைக்குப் பின்னே மறைந்து, சித்திர உருவாய் அதன் மீதேறிச் செல்வார்.

இதில் கதை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை; அது குறையே. ஆயினும், தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையும் ஒன்றன்றோ? உள்ளத்துணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு எனில், மையால் இட்ட கோட்டுக்கும் உள்ளம் உண்டென்று நம்பவைத்தது அக்கண்ணீர். உடலையும் மெக்கே மறந்தாரல்லர். தம் மூச்சைக் கணக்கிட்டு அதன் மூச்சை வரைந்தார். ஏரிநீரைக் குடிக்க அது குனியும்போது, பாரம் தாங்காது கரைநிலம் தாழ்கிறது.

இப்படத்திற்காக வரையப்பட்ட ஓவியங்கள் ஏறத்தாழ 10,000. செல்லுலாய்டுத் தாள் வழக்கத்திற்கு வராத காலமாதலின், பாறையும் ஏரியும்கூட ஒவ்வொரு தாளிலும் மீண்டும் மீண்டும் வரையப்பட்டன. அப்பணியைச் செய்தவர் ஜான் ஃபிட்சிமன்ஸ் என்னும் இளைஞர். அசையாத பாறையின் விளிம்பு திரையில் மெல்ல நடுங்குவது அதனாலேயே. அலுவலகத்தில் ஒரே வகைக் குறிப்பை ஆண்டுக்கணக்கில் எழுதிவரும் நம்மனோர்க்கு அந்நடுக்கம் பிழையாகத் தோன்றவில்லை. உழைத்த ஒரு கையின் ஒப்பமாகவே தோன்றுகிறது.

வால்ட் டிஸ்னி 1955இல் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இம்மேடைக் காட்சியை மீண்டும் நடத்திக் காட்டி முன்னோடிக்குச் சிறப்புச் செய்தார். 1991இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் கெர்ட்டி இடம்பெற்றது.

இனி நம் பிள்ளைகள் கார்ட்டூன் காணும்போது நாமும் அருகமர்ந்து காண்போமாக. சித்திரம் எத்துணை விரைவாக ஓடுகிறது என்பதோடு நில்லாமல், அதற்கு அழத் தெரிகிறதா என்றும் பார்ப்போமாக.