பாயிரம் பாடத் தகுந்தவர்கள்

நம் நூலை இன்னொருவர் பாராட்டி எழுதும் வழக்கம் இன்றைய பதிப்பகங்கள் கண்டுபிடித்ததல்ல. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் அதற்கு விதி வகுத்துவிட்டார். சிறப்புப் பாயிரம் பாட உரியவர்கள் நால்வர்: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணவர், தகுந்த உரைகாரர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரும் உடன் கற்றவர் என்பதே மரபு.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நால்வரும் ஒரே திண்ணைப் பள்ளியைச் சுற்றி இருப்பவர்கள். திண்ணையில் இடமே கிடைக்காதவளுக்கு யார் பாயிரம் பாடுவது? இன்றும் முதல் தொகுப்போடு வரும் பெண்கள் மூத்த எழுத்தாளர் ஒருவரின் அணிந்துரைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வந்து சேர்வதில் 'துணிச்சல்' இருக்கும், 'பாசாங்கற்ற பதிவு' இருக்கும், சில சமயம் 'அன்புத் தங்கை'யும் இருக்கும். ஒரு வாக்கியம் ஏன் அப்படி அமைந்தது என்ற பேச்சு மட்டும் இருக்காது. இதைவிட அணிந்துரை இல்லாமலே நூல் வரலாம் என்பது என் கட்சி. 2002இல் வந்த குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்புக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். தலைப்பைத் தாண்டாமலே பலர் தீர்ப்பு எழுதினார்கள்.

தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லும் அதே நன்னூல், விலக்குகளையும் தருகிறது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் புகழ்ந்துகொள்ளலாம். எதிராளி பழித்தபோதும் புகழ்ந்துகொள்ளலாம். பெண்கள் எழுதும் சூழல் பெரும்பாலும் இந்த இரண்டும்தானே! வை. மு. கோதைநாயகி அம்மாள் யார் வாசலிலும் காத்திருக்கவில்லை. 1925இல் 'ஜகன்மோகினி' இதழைக் கையிலெடுத்து, தன் நாவல்களைத் தானே தொடராக வெளியிட்டு, வாசகிகளை நேராகச் சென்றடைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள்.

எனக்கு நம்பிக்கை 'தன்னோடு கற்றவர்' மீதுதான். அருள்புரத்தில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் பாதிப் பேர் பனியன் கம்பெனி டெய்லர்கள். எங்களில் ஒருத்தி எழுதிய கதையில், தையல் ஊசி உடைந்ததும் நாயகி அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பாள். "ஏனுங்க்கா, ஒடஞ்ச துண்டத் தேடிக் குடுத்தாத்தான வேற ஊசி தருவாங்க? இவ எங்க தேடுனா?" என்று கேட்டார் ஓவர்லாக் அடிக்கும் தோழி. அந்த ஒரு கேள்வியில் கதை மாறிவிட்டது. இப்போது நாயகி மெஷினுக்கு அடியில் தவழ்கிறாள்.

இதுதான் மதிப்புரை. பாராட்டு வேண்டும் என்று கேட்டு வாங்குவதல்ல அது. எங்கே நம்ப முடியவில்லை என்று கேட்டால் கிடைப்பது. கிடைத்ததைப் பின்னட்டைக்கு வெட்டும்போது 'ஆனால்' என்ற சொல்லைச் சேர்த்தே வெட்ட வேண்டும்.

அந்தத் தொகுப்பு இப்போது அச்சுக்குப் போகிறது. முன்னுரை ஓவர்லாக் தோழியுடையது, ஒன்றரைப் பக்கம். இரண்டு கதைகள் தனக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று பதிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.