வாஞ்சி வரலாறுகளில் பொன்னம்மாளின் இடம்

1911 சூன் 17 அன்று மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அவரைக் குறித்து எழுந்த நூல்கள் பல. அவற்றுள் அவர்தம் மனைவி பொன்னம்மாள் பெறும் இடம் மிகச் சிறிது. அச்சிறிய இடத்திலும் அவர் வீரரின் துணைவியாகவே நிறுத்தப்படுகிறார். கணவரின் மறைவாழ்வு அம்மனையில் எவ்வாறு வெளிப்பட்டிருக்கும் என்ற வினாவை வரலாற்றாசிரியர்கள் ஏன் தவிர்த்தனர் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. ஆய்க்குடியில் வளர்ந்த எனக்கும் வாஞ்சி முதலில் சிலையாகவே அறிமுகமானார். அச்சிலைக்கு ஒரு வீடு இருந்தது என்பது ஆய்வுக்கு வந்த பின்னரே உறைத்தது.

வாஞ்சி திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றியவர். விடுப்பெடுத்துப் புதுச்சேரி சென்று வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர். நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரதமாதா சங்கத்தார் 1910இல் தென்காசியில் கூடிக் குங்குமநீர் பருகி உறுதிமொழி ஏற்றனர். இரகசியம் காத்தல் அவ்வுறுதிமொழியின் உயிர்நிலை. ஆகவே வீட்டாரிடம் காத்த மௌனத்தைத் தனிமனித இயல்பு என்பதைவிட இயக்கநெறி எனக் கொள்வதே பொருந்தும். ஆயினும் அம்மறைவு வாசற்படிக்கு வெளியே நின்றுவிடவில்லை. வழக்கில் தண்டனை பெற்ற சங்கரகிருஷ்ணன் வாஞ்சியின் மைத்துனர். ஒரே உறவுவட்டத்துக்குள் அறிந்தோரும் அறியாதோரும் அருகருகே வாழ்ந்தனர் என்பது இதனால் பெறப்படும். இதைக் குறிப்பிடும் நூல்களும் உறவுமுறையைச் சுட்டிவிட்டு, அதன் உட்பொருளைத் தொடாமல் நகர்ந்துவிடுகின்றன.

ஆஷின் மனைவி மேரி அன்று அதே வண்டியில் உடனிருந்தார். கொடைக்கானலிலிருந்த குழந்தைகளைக் காண இருவரும் சென்றுகொண்டிருந்தனர். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'ஆஷ் அடிச்சுவட்டில்', ஆஷை ஒரு குடும்பத்தலைவராகவும் காணச் செய்தது. அவர் வழித்தோன்றல்களையும் தேடிச் சென்றது. அதற்கிணையான முயற்சி செங்கோட்டை மனைக்கு வாய்க்கவில்லை. பொன்னம்மாளின் துயரத்தைக் கற்பனை உரையாடல்களால் இட்டு நிரப்புவது அம்முயற்சி ஆகாது. அது அவரை மற்றொரு சிலையாக்கும்.

வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதமே இதுகாறும் விவாதங்களின் மையம். அது சனாதன தர்மத்தைப் பேசுவதால் ஒரு சாரார் அவரைச் சாதிக் காவலர் என்பர். மற்றொரு சாரார் நாட்டுப்பற்றை முன்னிறுத்துவர். முதற்சாராரின் ஐயத்தை எளிதில் தள்ள இயலாது. ஆனால் இருசாராரும் அதனை அறிக்கையாகவே வாசிக்கின்றனர், கடிதமாக வாசிப்பதில்லை. இராமன், கிருஷ்ணன், சிவாஜி, குரு கோவிந்தர், அர்ச்சுனன் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். மனைவியில்லை; தந்தை இரகுபதி ஐயரும் இல்லை. கையொப்பத்தில் பெயருக்கு முன் நிற்கும் தந்தையின் முதலெழுத்தும், பின் நிற்கும் செங்கோட்டை என்னும் ஊர்ப்பெயருமே அக்கடிதத்தில் வீட்டைச் சுட்டும் தடயங்கள்.