பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

செங்கம் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். “சாளேசரம் வந்துடுச்சா சார்?” என்றார் பக்கத்து சீட் பெரியவர். அந்தச் சொல்லுக்குள் ‘சாலீஸ்’, அதாவது இந்துஸ்தானி நாற்பது, ஒளிந்திருக்கிறது. நடுவயதுக்குப் பேச்சுமொழி பெயர் வைத்துவிட்டது. இலக்கியம் என்ன வைத்திருக்கிறது?

செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணை ஏழு பருவமாக்கும். கடைசிப் பருவமான பேரிளம்பெண் 40இல் முடிகிறாள். அதற்குமேல், தலைவன் வீதி வலம் வருவதைப் பாடும் உலா இலக்கியத்தில் அவளுக்கு வேலையில்லை. ஆண் பாடு இன்னும் மோசம். விடலை 30 வரை, தாண்டினால் நேரே முதுமகன். (தெருவில் உலா வரும் தலைவனுக்கு மட்டும் வயதே கிடையாது.) ‘அன்று யார் அவ்வளவு நாள் இருந்தார்கள்’ என்பார்கள். 1951இல்கூட இந்தியரின் சராசரி ஆயுள் 32 அளவில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கைக் கீழே இழுத்தவை குழந்தைச் சாவுகள். நாற்பதைக் கடந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பாட்டில்தான் இல்லை.

புறநானூறும் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கிறது. 243ஆம் பாட்டில் மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த சிறுவன், அடுத்த மூச்சில் தடியூன்றி இருமுகிறான். பாடியவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயரே அந்தத் தடியால் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் எங்கே போயின? விதிவிலக்கு பிசிராந்தையார். வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் மருந்து எதுவும் சொல்லவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் என்று வரிசையாகக் காட்டுகிறார். நரை தலையில் மட்டும் விளைவதில்லை என்று அறிந்த ஆள்.

வெகுகாலம் கழித்துத்தான் நடுவயது கதைக்குள் குடிவந்தது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966இல் வெளிவந்தது. அதன் அலங்காரம், பாட்டியல் கணக்குப்படி பருவமே இல்லாதவள். வளர்ந்த பிள்ளைகளின் தாய். ஆசையும் விடவில்லை, குற்றவுணர்வும் விடவில்லை. அவளைப் போல நடுவயதை நேருக்கு நேர் பார்த்த பாத்திரங்கள் தமிழில் குறைவு என்பேன்.

நன்னன் ஆண்ட இந்தச் செங்கம் வட்டாரமோ வயதாகாதவர்களின் பூமி. தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் புரட்டினால் சண்டையில் விழுந்த வீரர்கள் வில்லும் வாளுமாக வரிசையாக நிற்கிறார்கள். எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவக்கத்தி எருமைகளைக் காக்கப் போய் விழுந்து கிடக்க, கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் இருக்கிறது. நாயின் பெயரைக்கூட மறக்காமல் வெட்டியவர்கள் அவன் வயதை எழுதவில்லை. ‘இளமகன்’ என்கிறது கல்வெட்டு. அங்கே அது சேவகனைக் குறிக்கும் சொல்தான். ஆனாலும் அவன் இனி முதுமகனாகப் போவதில்லை.

அதே கல்லில் வேறொருவருக்கு ஆண்டுக் கணக்கு இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுக்கு ஆட்சியாண்டு 34. அத்தனை காலம் அரியணையில் இருந்தவனுக்கு எப்படியும் நரைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க நூலைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.