கஞ்சன்ஜங்காவின் தாழ்வாரமும் கட்சாலின் தகரமும்

மும்பையில் வீடு கட்டுபவரைப் பாடாய்ப் படுத்துவது மேற்குத் திசை. கடற்காற்று வருவது அங்கிருந்து. மாலை வெயிலும் பருவமழைச் சாரலும் தாக்குவதும் அங்கிருந்துதான். கம்பாலா ஹில்லில் 1970-இல் தொடங்கி 1983-இல் முடிந்த கஞ்சன்ஜங்கா அடுக்குமாடி, இந்தச் சிக்கலுக்குக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா கண்ட விடை. உயரம் சுமார் 84 மீட்டர். இருப்பதோ 32 வீடுகள்தாம்.

பழைய பங்களாக்களில் வீட்டைச் சுற்றி ஓடிய தாழ்வாரம் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டது. கொரியா அதையே மாடிக்குக் கொண்டுபோனார். கட்டடத்தின் மூலைகளைக் குடைந்து, இரண்டு தள உயரத்துக்குத் திறந்த முற்றங்கள் அமைத்தார். அங்கே செடி வளர்க்கலாம், மழை பார்த்து உட்காரலாம். அறைகள் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன. வீடு கிழக்கு மேற்காக ஊடுருவிப் போவதால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. பாரத்தை நடுவிலுள்ள கான்கிரீட் தண்டு தாங்குவதால்தான் அந்த மூலைகளில் தூணே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் வெட்டுகள் ஒப்பனை அல்ல. வீட்டுக்குள் நடப்பதன் வெளித்தோற்றம். இந்த நேர்மைக்காகவே இதை நம் நாட்டின் தலைசிறந்த அடுக்குமாடி என்பேன்.

குறை, அது யாருக்குக் கட்டப்பட்டது என்பதில் இருக்கிறது. நிலத்துக்குத் தவிக்கும் நகரத்தில் இரண்டு தள உயர முற்றம் பணக்காரருக்கே கட்டுப்படியாகும். கொரியாவுக்கும் இது தெரியும். எளியவர்களுக்காக நவி மும்பையின் பேலாப்பூரில் அவர் கட்டியவை தாழ்ந்த வீடுகள், வானம் பார்த்த முற்றத்தோடு. பின்னால் வந்த பில்டர்கள் கஞ்சன்ஜங்காவின் உயரத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தை விட்டுவிட்டார்கள்.

காற்றுக்கு வழிவிட்டுக் கட்டும் இந்த அறிவு கொரியாவோடு பிறந்ததும் அல்ல. நிக்கோபாரின் கட்சால் தீவிலும் அதே ஈரப் புழுக்கம்தான். நிக்கோபாரியர் கால்கள்மேல் உயர்த்திக் கட்டிய வட்ட வீடுகளில் காற்று தரையின் இடுக்கு வழியே ஏறி வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிழைத்தவர்களுக்கோ தற்காலிகமாகக் கிடைத்தவை தகரக் கொட்டகைகள். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை.

அந்தத் தவறு இங்கும் நேராதிருக்க, எளியவர்களுக்கு வீடு கட்டும் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் அடுத்த அடுக்குமாடிக்கு வரைபடம் போடும்போது, எதிரெதிர்ச் சுவர்களில் சன்னலும் ஒரு சிறு தாழ்வாரமும் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டாயம் என்று எழுதிவைக்கட்டும்.