தி எபிடெமிக்ஸ்: சக்திக்குப் பின் ஒரு ராக் தொகுப்பு

தி எபிடெமிக்ஸ் (1986) வயலின் கலைஞர் எல். சங்கரும் பாடகி கரோலைனும் இணைந்து உருவாக்கிய ராக் இசைத்தொகுப்பு. ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. ‘சக்தி’ இசைக்குழுவின் வழியாக உலகப் புகழ் பெற்ற சங்கரின் இசைப்பயணத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட பகுதி இதுவே.

பின்னணி

எல். சங்கர் 1950-ல் சென்னையில் பிறந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958-ன் இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. கர்நாடக இசை மேடையில் வயலின் என்பது பாடகரின் நிழலாகப் பின்தொடரும் பக்கவாத்தியம் என்ற நிலையை லட்சுமிநாராயணா ஏற்கவில்லை. அதைத் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாக ஆக்குவதே அவருடைய வாழ்நாள் முயற்சி. மகன்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் அந்த நோக்கத்திலேயே பயிற்றுவிக்கப்பட்டனர்.

ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சங்கர் இணைந்த சக்தி 1976, 1977 ஆண்டுகளில் மூன்று தொகுப்புகளை வெளியிட்டது. பின்னர் குழு கலைந்தது. 1979-ல் ஃபிராங்க் ஸாப்பாவின் தயாரிப்பில் ‘டச் மீ தேர்’ என்ற ராக் தொகுப்பை சங்கர் வெளியிட்டார். அதில் ஸாப்பாவின் நையாண்டியே மேலோங்கி இருந்தது. சங்கர் தாமே ஒரு ராக் குழுவைக் கட்ட முயன்றது எபிடெமிக்ஸில்தான்.

இசை

இத்தொகுப்பில் பங்கேற்றவர்களின் பெயர்கள் வியப்பளிப்பவை. கிட்டார் வாசித்தவர் ஸ்டீவ் வாய். ஸாப்பாவின் குழுவிலிருந்து வெளிவந்து, டேவிட் லீ ராத்தின் குழுவில் பெரும்புகழ் அடைவதற்குச் சற்று முந்தைய காலம் அது. பாஸ் கிட்டார் பிராண்ட் எக்ஸ் குழுவின் பெர்சி ஜோன்ஸ். சிந்தசைசரில் கில்பர்ட் காஃப்மன். சங்கரும் கரோலைனும் பாடுகிறார்கள், சிந்தசைசரும் வாசிக்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் இல்லை. அந்த இடத்தில் டிரம் மெஷின் இருக்கிறது.

தொகுப்பின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. சக்தியின் உயிர் அதன் லயம். வயலினும் கிட்டாரும் ஒரு கணக்கை வைக்க, தபலாவும் கடமும் அதை எடுத்து உடைத்து, வேறு நடையில் திருப்பித் தரும். வைத்த கேள்விக்குப் பதில் வரும் என்ற நம்பிக்கையில்தான் சங்கரின் வில் அத்தனை வேகம் கொண்டது. டிரம் மெஷின் பதில் சொல்லாது. பாடல் முடியும்வரை போட்ட தாளத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும். எதிராளி இல்லாத களத்தில் சங்கரின் கற்பனைக்கு வேலை இல்லாமல் போகிறது. 1980-களின் பாப் இசை முழுக்க இந்த இயந்திரத்தின் மேல் நின்றது என்பது உண்மையே. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்களில் எவரும் ஜாகிரையும் விநாயக்ராமையும் அருகில் வைத்து வாசித்துவிட்டு வந்தவர்கள் அல்ல.

இன்னொரு தலைகீழாக்கம் இதைவிட ஆழமானது. தந்தை பக்கவாத்திய நிலையிலிருந்து மீட்ட வயலினை மகன் இங்கே தன் குரலுக்கே பக்கவாத்தியமாக வைத்துக்கொள்கிறார். பாடல்களின் முன்னணியில் இருப்பது குரல்கள்தான். வயலின் இடைவெளிகளில் வந்து போகிறது. பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை உருவாக்கி, டபுள் பாஸின் ஆழத்திலிருந்து வயலினின் உச்சம் வரை ஒருவரே வாசிக்க வழிசெய்த கலைஞரிடமிருந்து இந்த அடக்கத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. வரிகளும் எளிய காதல் வரிகளே. அவற்றை நெடுநேரம் தாங்கும் கனம் ஆங்கிலத்தில் சங்கரின் குரலுக்கு வாய்க்கவில்லை.

ஆனாலும் இத்தொகுப்பைத் தள்ளிவிட முடியாது. ஃபியூஷன் என்ற பெயரில் வரும் பெரும்பாலான முயற்சிகளில் இந்தியக் கலைஞர் ஓர் ஊறுகாய். மேற்கத்திய விருந்தில் தொட்டுக்கொள்ள ஒரு ஆலாபனை, ஒரு ஜதி. எபிடெமிக்ஸில் அந்த ஊறுகாய் வேலையைச் செய்ய சங்கர் மறுக்கிறார். ராகத்தைக் காட்சிக்கு வைக்கவில்லை, இந்தியாவைச் சுமக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த ஒருவர் லண்டன், நியூயார்க் இளைஞர்களைப்போலச் சாதாரண ராக் பாட்டு பாடலாம் என்ற உரிமையை எடுத்துக்கொள்கிறார். கிடைத்த பலன் சுமாரானது என்பதால் அந்த உரிமை சிறியதாகிவிடாது. மேலும், பெர்சி ஜோன்ஸின் ஃபிரெட் இல்லாத பாஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும்போது, கமகம் பழகிய செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. தொகுப்பில் மனிதத் தாளம் இருப்பது அந்த பாஸில்தான்.

வரவேற்பு

ஈ.சி.எம். நிறுவனம் கீத் ஜாரட்டின் பியானோவுக்கும் யான் கார்பரக்கின் சாக்ஸபோனுக்கும் பெயர்பெற்றது, மௌனத்தை இசையின் பகுதியாகப் பதிவுசெய்த நிறுவனம். சங்கரே அங்கு கார்பரக்குடன் ‘விஷன்’ போன்ற தொகுப்புகளை அளித்திருந்தார். அந்த வரிசையில் ஒரு சிந்தசைசர் பாப் தொகுப்பை வைத்தபோது ஜாஸ் ரசிகர்கள் முகம் சுளித்தனர். ராக் ரசிகர்களோ ஈ.சி.எம். அலமாரிப் பக்கம் போகிறவர்கள் அல்ல.

தமிழில் இத்தொகுப்பு பேசப்படாததற்குக் காரணம் வேறு. சாந்தோம் தேவாலயத்தின் பாடகர் குழுவும் கபாலீசுவரர் கோயிலின் நாதஸ்வரமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் ஒலிக்கும் நகரம் சென்னை. ஆனால் இசை பற்றிய எழுத்தில் அங்கு இருந்தவை இரண்டே அறைகள்: சபா, சினிமா. அண்ணன் எல். வைத்தியநாதன் ‘ஏழாவது மனிதன்’ (1982) படத்தில் பாரதி பாடல்களுக்கு அமைத்த இசையாலும் ‘மால்குடி டேஸ்’ தொடரின் மெட்டாலும் இரண்டாம் அறையில் நிலையான இடம் பெற்றார். சங்கரின் ராக் முயற்சிக்கு இரண்டிலும் இடமில்லை. 1990-களின் இறுதியில் ‘ரிமெம்பர் சக்தி’ அவர் இல்லாமல் உருவானபோது அவரது பெயர் சக்தியின் பழைய தொகுப்புகளோடு நின்றுவிட்டது.

எபிடெமிக்ஸ் என்ற பெயரில் ‘ஐ கேச்சர்’ என்ற இன்னொரு தொகுப்பும் வந்தது. ஆனால் இந்தக் குரலின் அடுத்த கட்டத்தை அறிய விரும்புபவர்கள் கேட்கவேண்டியது 1989-ல் ஈ.சி.எம். வெளியிட்ட ‘நோபடி டோல்ட் மீ’. அதில் சங்கர் தமிழில் பாடுகிறார். தபலாவில் ஜாகிர், கடத்தில் விநாயக்ராம், தம்புராவில் கரோலைன். உடன் வயலின் வாசிப்பவர் தந்தை லட்சுமிநாராயணா.