ஓரத்தில் ஓடும் மின்சாரம்

தென்னாட்டுக் கொல்லர்கள் உருக்கு செய்த விதத்தைப் பரங்கிப்பேட்டை இரும்பாலையின் ஹீத் 1839-ல் எழுதி வைத்தார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியை மண்மூசைக்குள் அடைத்து, எருக்கிலை வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, இரண்டரை மணி நேரம் போலத் துருத்தி ஊதுவார்கள். சேலம் வட்டாரம் அந்த உருக்குக்குப் பேர்போனது. மூசைக்குள் நடந்ததை மட்டும் எந்தக் கொல்லரும் பார்த்ததில்லை.

மூடிய கலத்தின் அந்த இருட்டு இன்றும் இருக்கிறது. சேலம் உருக்காலையின் துருவேறா எஃகுக்கு மின்வில் உலையும் ஆர்கான்-ஆக்சிஜன் கலமும் போதும். விமான எஞ்சினுக்கான உலோகக் கலவை என்றால், உருக்கியதையே இன்னொரு முறை உருக்க வேண்டும். ஹைதராபாத் மிதானியில் அதற்கு எலக்ட்ரோஸ்லாக் உலை உண்டு. தண்ணீர் ஓடும் செப்பு அச்சுக்குள் உருகிய கசடு; அதில் நுனி தோய்ந்து நிற்கும் உலோகத் தண்டு. ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய, கசடு சூடேறித் தண்டைத் துளித்துளியாக உருக்குகிறது. துளிகள் கசடைக் கடக்கையில் அழுக்கு கழிந்து, அடியில் குட்டையாகச் சேர்ந்து வார்ப்பாக உறைகின்றன.

கண்ணால் பார்க்க முடியாத இந்த மின்சாரத்தைக் கணினியில் வரைவதை நான் கலை என்றே சொல்வேன். 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் சூடான எஃகுத் தண்டில் மேற்பரப்பை ஒட்டிச் சுமார் 7 சென்டிமீட்டருக்குள் நெருக்கியடித்து ஓடும். கசடின் மின்தடை மிக அதிகம் என்பதால் அங்கே இறங்கியதும் விரிந்து பரவிவிடும். விரியும்போது தன் காந்தப்புலத்தாலேயே நடுக்கசடைக் கீழே தள்ளுகிறது. வெப்பமோ நடுக்கசடை மேலே தூக்கி, குளிர்ந்த சுவரோரம் இறக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியை 1970-களின் பிற்பகுதியில் திலாவரி, செக்கெலி என்ற ஆய்வாளர்கள் சமன்பாடுகளில் பிடித்தார்கள். 1980-ல் சௌத்ரியும் செக்கெலியும் உருகுகுட்டையின் வடிவம் வரை கொண்டுபோனார்கள்.

ஆனால் நான் ரசிப்பது ஓரத்தைத்தான். அச்சுச் சுவரில் கசடு பாலாடை போல மெல்லிய தோலாக உறைகிறது. அதில் மின்சாரம் புகாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். பலரும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரியாவின் லியோபென் பல்கலைக்கழகத்தில் கரிசா, லுட்விக் குழுவினர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. தோலையும் கடத்தியாகக் கருதி, மின்சாரம் எந்த வழி போகும் என்பதைச் சமன்பாடுகளிடமே விட்டார்கள். ஒரு பகுதி தோலைத் துளைத்துச் செப்புச் சுவருக்குள் இறங்கியது. சில மில்லிமீட்டர் தோல் என்று அலட்சியப்படுத்தியிருந்தால் வெப்பம் பிறக்கும் இடம், ஓட்டம், குட்டையின் ஆழம் எல்லாமே தவறாகியிருக்கும். வண்ண வண்ணமான வெப்பநிலைப் படங்களைவிட இந்தப் பிடிவாதமே எனக்கு அழகு.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வழி பழையது. உருகும்போதே குட்டையில் கொஞ்சம் கந்தகச் சேர்மம் போடுவார்கள். வார்ப்பை நெடுக அறுத்து, மெருகேற்றிப் பதிவெடுத்தால், அந்த நேரத்துக் குட்டையின் விளிம்பு கோடாகத் தெரியும். கணினி மாதிரி வரைந்த கோட்டை அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள்.